ஸ்பைனல் ஊசியோடு எதைச் சேர்ப்பது? மகளிர் அறுவைக்கான முழு வழிகாட்டி, டர்பனிலிருந்து

டர்பனுக்கு நான் வந்த புதிது. கர்ப்பப்பை எடுத்த ஒரு அவ்வா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) இரவு பத்து மணிக்குக் கட்டிலில் சாய்ந்தபடி மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. மூக்குதான் நமநமங்குது. நேத்து மக கொண்டாந்த பீன்ஸ் கறி சேரலையோ என்னமோ" என்றார்.

பீன்ஸ் கறி பாவம். காலையில் நான் போட்ட முதுகு ஊசியில் (உடலின் கீழ்ப்பகுதி மரத்துப்போகத் தண்டுவட நீரில் போடும் ஸ்பைனல்) 150 மைக்ரோகிராம் மார்ஃபின் இருந்தது. அதன் வேலைதான் இந்த அரிப்பு. பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா. அதே அறுவை, மரக்கவைக்கும் மருந்தான பூபிவகெய்ன் அதே அளவு, கூடச் சேர்த்த மார்ஃபினுக்குப் பதில் அதே வகை வலி மருந்தான ஃபென்டனில். அவருக்கு அரிப்பு துளியும் இல்லை. ஆனால் மத்தியானம் மூன்று மணியிலிருந்தே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டில் எது நல்ல மருந்து என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாது. அந்த இரவு புரிந்தது வேறு. சேர்க்கும் மருந்தைத் தேர்வு செய்யும்போது ஆபரேஷன் தியேட்டரைவிட வார்டைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த அம்மா பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள்? கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வரும்.

மயக்க மருத்துவம் படிக்கிறவர்கள், மாவட்ட மருத்துவமனைகளில் கட்டாய சேவை ஆண்டில் திடீரென்று ஸ்பைனல் போட வேண்டிய இளம் மருத்துவர்கள், ரெகவரி அறை நர்ஸுகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். அறுவைக்குப் போகும் பெண்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கலாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரியும். அளவுகளை மட்டும் உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

முதல் படி: அறுவை எங்கே வரை தொடுகிறது?

"மகளிர் அறுவை" என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, கர்ப்பப்பையின் உட்புறத்தைச் சுரண்டி எடுக்கும் பத்து நிமிட டி அண்ட் சி-யும் வயிற்றைத் திறந்து பெரிய நார்க்கட்டியோடு கர்ப்பப்பையை எடுப்பதும் ஒன்றல்ல. கர்ப்பப்பையின் உடல் பகுதியின் வலி டி10 முதல் எல்1 வரையான நரம்புகள் வழியாகப் போகிறது (தண்டுவட நரம்புகளில் டி என்பது மார்புப் பகுதி, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே). கர்ப்பப்பைக் கழுத்தின் வலி எஸ்2 முதல் எஸ்4 வரை. இதை வைத்து டி10, அதாவது தொப்புள் மட்டம் வரை மரத்தால் போதும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். வயிற்றைத் திறந்து குடலை மேலே ஒதுக்கித் துணி வைக்கும்போது வயிற்று உறை இழுபடும். அந்த வலி இன்னும் மேலே இருந்து வருகிறது. அதனால் வயிறு வழியான அறுவைக்கு டி4 முதல் டி6 வரை வேண்டும். மார்புக்காம்பு டி4, மார்பெலும்பின் கீழ்நுனி டி6 என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும்போது டி10 குறைந்தபட்சம். இழுவை அதிகம் என்றால் கொஞ்சம் மேலே இருப்பது நல்லது. ஹிஸ்டரோஸ்கோப்பி (குழாய்க் கேமரா வைத்துக் கர்ப்பப்பையின் உள்ளே பார்ப்பது) போன்ற சின்ன வேலைகளுக்கு டி10 தாராளம்.

சேர்க்கும் மருந்தின் முதல் பயன் இங்கேதான் தெரியும். ஃபென்டனில் சேர்த்த ஊசியில், மரப்பு அதே உயரத்தில் நின்றாலும், குடலை இழுக்கும்போது வரும் அந்த இனம் தெரியாத வேதனையும் குமட்டலும் குறைகின்றன. "என்னமோ பண்ணுது டாக்டர்" என்று நடு அறுவையில் கேட்கும் குரல் குறைவது சின்ன விஷயமில்லை.

லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் அறுவை என்றால் பெரும்பாலும் முழு மயக்கம்தான். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் படி: அடிப்படை மருந்தை நிலைப்படுத்துங்கள்

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் அகஸ்ட் பியர் கொக்கெய்னை வைத்து ஸ்பைனலை ஆரம்பித்தார். தன் மேலேயே சோதனை செய்து பார்த்துக் கடுமையான தலைவலியோடு படுத்தார். இன்று நம் கையில் இருப்பது, தண்டுவட நீரைவிடக் கனமான 0.5 சதவீத பூபிவகெய்ன். ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் மருந்து, கனத்துக்காக 80 மில்லிகிராம் குளுக்கோஸ். வயிறு வழியான கர்ப்பப்பை நீக்கத்துக்கு நான் பெரும்பாலும் 3 மில்லி, அதாவது 15 மில்லிகிராம் எடுப்பேன். குள்ளமானவர், வயதானவர் என்றால் குறையும்.

இந்த அளவு நிலையாக இல்லாவிட்டால் எந்த ஒப்பீட்டுக்கும் அர்த்தமில்லை. ஒருவருக்கு 12 மில்லிகிராமோடு மார்ஃபின், இன்னொருவருக்கு 17 மில்லிகிராமோடு ஃபென்டனில் கொடுத்துவிட்டு, "ஃபென்டனில்தான் அதிக நேரம் நின்றது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நின்றது பூபிவகெய்ன்.

மூன்றாம் படி: ஒரு தாளில் மூன்று கோடுகள்

இது நான் பயிற்சி மருத்துவர்களிடம் செய்யச் சொல்வது. தாளில் மணிக்கணக்கை எழுதுங்கள், காலை எட்டிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை. முதல் கோடு: அறுவை நடக்கும் நேரம். இரண்டாவது கோடு: பூபிவகெய்னின் மரப்பு. தனியாகக் கொடுத்தால் அறுவை செய்ய ஏற்ற மரப்பு சுமார் இரண்டு, இரண்டரை மணி நேரம். மூன்றாவது கோடு: தையல் வலி கடுமையாக இருக்கும் நேரம். வயிற்றைக் கிழித்த அறுவைக்கு அது முதல் இருபத்து நான்கு மணி நேரம்.

இப்போது இரண்டாவது கோடு முடியும் இடத்துக்கும் மூன்றாவது கோடு முடியும் இடத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். சேர்க்கும் மருந்திடம் நாம் கேட்கும் கேள்வி இரண்டே. அறுவை நீண்டுவிடும் என்று பயமா? அப்படியானால் இரண்டாவது கோட்டை நீட்டும் மருந்து வேண்டும். அறுவை ஒன்றரை மணியில் முடிந்துவிடும், அதற்கப்புறம் வரும் வலிதான் கவலையா? அப்படியானால் அந்தப் பள்ளத்தை நிரப்பும் மருந்து வேண்டும். இரண்டையும் ஒரே மருந்து நன்றாகச் செய்வது அபூர்வம். இந்த இடத்தில் குழம்பியவர்கள்தான் "எது சிறந்தது" என்று விவாதித்துக்கொண்டே இருப்பார்கள்.

நான்காம் படி: களத்தில் இருக்கும் மருந்துகள்

மார்ஃபினிலிருந்து ஆரம்பிக்கிறேன். தண்டுவட நீரில் நேரடியாக மார்ஃபின் செலுத்தி மனிதர்களின் வலியைக் குறைக்க முடியும் என்ற செய்தி 1979-இல் அமெரிக்காவிலிருந்து, புற்றுநோய் நோயாளிகள் சிலரை வைத்து வெளியானது. மார்ஃபின் கொழுப்பில் எளிதாகக் கரையாது, நீரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஊசி போட்ட இடத்தில் உடனே தண்டுவடத்துக்குள் நுழைந்து மறைவதில்லை. தண்டுவட நீரிலேயே மிதந்து மெதுவாக மேலே ஏறும். அதன் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு குணத்திலிருந்து வருகின்றன. வேலை ஆரம்பிக்க முக்கால் மணி, ஒரு மணி ஆகும். அறுவையின் நடுவே அதிகம் உதவாது. ஆனால் பதினெட்டு, இருபத்து நான்கு மணி நேரம் வரை வலியைத் தாங்கும். அது மேலே ஏறி மூளைத்தண்டைத் தொடும்போது குமட்டல், அரிப்பு; அரிதாக, பல மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாகும். அவ்வா மூக்கைத் தேய்த்தது இதனால்தான். ஒவ்வாமையில் வரும் அரிப்பின் வழி வேறு என்பதால் வழக்கமான அரிப்பு மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது; தூக்கத்தைத்தான் தரும்.

அளவு 100 முதல் 150 மைக்ரோகிராம். முன்பெல்லாம் இதைவிடப் பல மடங்கு கொடுத்தார்கள். கூட்டிக்கொண்டே போனால் வலி நிவாரணம் அதே வேகத்தில் கூடுவதில்லை. பக்க விளைவுகள் கூடுகின்றன. சிறுநீர் அடைப்பும் உண்டு. ஆனால் வயிறு வழியான கர்ப்பப்பை நீக்கத்துக்குப் பிறகு சிறுநீர்க் குழாய் ஒரு நாள் இருக்கத்தான் போகிறது என்பதால் அங்கே அது ஒரு பொருட்டில்லை. அன்றே வீட்டுக்குப் போகும் அறுவை என்றால் கதை வேறு. அங்கே மார்ஃபினைத் தொடாதீர்கள்.

ஃபென்டனில் நேர் எதிர். கொழுப்பில் சட்டென்று கரைவதால் ஐந்து, பத்து நிமிடத்தில் வேலை செய்யும்; இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் விடைபெறும். 10 முதல் 25 மைக்ரோகிராம். அரிப்பு இதிலும் உண்டு, ஆனால் சீக்கிரம் அடங்கும். இதன் தனி அழகு, ஆம்பியூலில் ஒரு மில்லிக்கு 50 மைக்ரோகிராம் இருப்பது. நீர்க்கத் தேவையில்லை, அரை மில்லி எடுத்தால் 25. ஊசியில் கணக்குத் தப்பு நேரும் வாய்ப்பு குறைவு. இதை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் எழுதமாட்டார்கள். நான் முதல் வரியில் எழுதுவேன்.

டெக்ஸ்மெடெடோமிடின், சுருக்கமாக டெக்ஸ், இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. தண்டுவடத்தின் பின்கொம்பில், அதாவது வலிச் செய்தி வந்து சேரும் பகுதியில், ஆல்ஃபா-2 ஏற்பிகளைப் பிடித்து வேலை செய்கிறது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை இல்லை என்பதால் அரிப்பு வராது, மூச்சு மந்தமும் அந்த அளவுக்கு இல்லை, நடுக்கம் குறைகிறது. 5 மைக்ரோகிராமுக்கே மரப்பு கணிசமாக நீள்கிறது. விலை? நாடித்துடிப்பு குறையும். கால்களின் மரப்பும் சேர்ந்தே நீளும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தண்டுவடத்தில் செலுத்த இதற்கு உரிமம் கிடையாது; உற்பத்தியாளர் சொன்ன பயன்பாட்டுக்கு வெளியே நாம்தான் பயன்படுத்துகிறோம். ஆய்வுகள் ஏராளம் என்பது உண்மை. ஆனாலும் உங்கள் துறையில் எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் தனியாக ஆரம்பிக்காதீர்கள்.

குளோனிடின் இதன் அண்ணன். 15 முதல் 75 மைக்ரோகிராம் வரை கொடுக்கிறார்கள். பலன் அதே திசையில்தான். இரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இறங்கும், தூக்கம் வரும்.

மக்னீசியம் சல்பேட் 50 மில்லிகிராம் சேர்த்தால் மரப்பு ஆரம்பிக்கத் தாமதமாகிறது, முடிவதும் கொஞ்சம் தாமதமாகிறது. அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு மில்லிக்கு 500 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலிலிருந்து 0.1 மில்லி எடுக்கும் ஆபத்தை நான் ஏற்கத் தயாரில்லை. நியோஸ்டிக்மினை முயன்றார்கள், வாந்தி நிற்கவே இல்லை, விட்டுவிட்டார்கள். அட்ரினலின் பூபிவகெய்னோடு சேரும்போது கிடைக்கும் லாபம் சொற்பம். ரெமிஃபென்டனிலை மட்டும் எக்காரணம் கொண்டும் தண்டுவடத்தில் போடக் கூடாது. அதில் கிளைசின் இருக்கிறது; தண்டுவட நரம்புகளுக்கு அது ஆகாது.

ஐந்தாம் படி: ஒப்பீட்டு ஆய்வுகளைப் படிக்கும் விதம்

"அ குழுவில் 30 பேர், ஆ குழுவில் 30 பேர்" என்று ஆரம்பிக்கும் கட்டுரைகள் இந்தத் துறையில் குவிந்து கிடக்கின்றன. படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை. வெறும் உப்புநீரோடு ஒப்பிட்டால் எந்த மருந்தும் ஜெயிக்கும். அதில் செய்தி எதுவும் இல்லை. மொத்தக் கன அளவு இரண்டு குழுவிலும் ஒன்றா, நோயாளியை எத்தனை மணி நேரம் கவனித்தார்கள் என்பவை அடுத்து. ஆறு மணி நேரத்தோடு கவனிப்பை நிறுத்திய ஆய்வில் மார்ஃபினின் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

ஒரு எடுத்துக்காட்டு. ஜோர்டானிலிருந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மகளிர் அறுவைகளுக்கு 10 மில்லிகிராம் பூபிவகெய்னோடு ஒரு குழுவுக்கு டெக்ஸ் 5 மைக்ரோகிராம், இன்னொரு குழுவுக்கு ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் சேர்த்தார்கள். உணர்வு மரப்பு எஸ்1 வரை இறங்கி வர டெக்ஸில் சுமார் 275 நிமிடம், ஃபென்டனிலில் சுமார் 180. டெக்ஸ் ஜெயித்துவிட்டது என்று பக்கத்தைத் திருப்பிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கால்கள் முழுதாக அசைய டெக்ஸில் சுமார் 240 நிமிடம், ஃபென்டனிலில் 155. கிடைத்த தொண்ணூற்றுச் சொச்சம் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட அதே நேரம் கால்களும் கட்டுண்டு கிடக்கின்றன. அறுவை மூன்று மணி நேரம் இழுக்கும் என்றால் இது வரம். நாற்பது நிமிட அறுவை முடிந்து, ரெகவரியில் கட்டில் இல்லாமல் அடுத்த நோயாளி காத்திருக்கும் நாளில் இதுவே தொந்தரவு. எண் அதேதான், நாள்தான் வேறு.

"முதல் வலி மருந்து கேட்ட நேரம்" என்ற அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஆய்வில் எல்லோருக்கும் ஆறு மணிக்கொருமுறை பாராசிட்டமால் கொடுத்தார்களா, வலி எண் (பூஜ்யம் முதல் பத்து வரை நோயாளி சொல்வது) 4-ஐத் தொட்டதும் நர்ஸே போட்டார்களா, நோயாளி கேட்டால்தான் போட்டார்களா என்று பாருங்கள். நம் பெண்கள் கேட்கமாட்டார்கள். பிள்ளை பெற்ற வலியைவிட இது பெரிசா என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்திலிருந்து வரும் பாட்டிகளிடம் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். "வலி எண் பூஜ்யம்" என்று எழுதியிருக்கும், நெற்றி சுருங்கியிருக்கும்.

ஆறாம் படி: நோயாளியின் மற்ற கணக்குகள்

சர்க்கரை, இரத்த அழுத்தம், பருமன் மூன்றும் இங்குள்ள இந்திய வம்சாவளி வீடுகளில் அழைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகள். குறட்டை விடுவாரா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று கணவரிடம் கேளுங்கள். அந்த அம்மாவிடம் கேட்டால் இல்லை என்பார். தூக்க மூச்சடைப்பு உள்ளவருக்கு மார்ஃபின் என்றால் இரவுக் கண்காணிப்பு உறுதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி தேடுங்கள்.

அட்டெனலால் போன்ற பீட்டா தடுப்பான் (நாடியைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு டெக்ஸோ குளோனிடினோ சேர்த்தால் நாடி நாற்பதுக்கு இறங்கும்போது ஆச்சரியப்படக் கூடாது. அரசு கிளினிக்குகளில் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் பரவலாகக் கொடுக்கிறார்கள். காலையில் போட்டுவிட்டு வந்தால் ஸ்பைனலுக்குப் பிறகு அழுத்தம் மேலே வர மறுக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை (எனாக்ஸாபரின் போன்றது) முன்னெச்சரிக்கை அளவில் போட்டிருந்தால் பன்னிரண்டு மணி நேரம் கடந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் முதுகைத் தொட வேண்டும்.

அப்புறம் பேச்சு. முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி வரும் என்ற பயம் 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களோடு வந்ததோ என்னவோ, இன்னும் இறங்கவில்லை. ஒரு அக்கா என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது: "தைப்பூசத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. காவடியோட நடக்கணும். கால் வந்துருமா?" கால் சாயங்காலத்துக்குள் வந்துவிடும், வயிற்றுத் தையல்தான் அவகாசம் கேட்கும் என்று சொன்னேன். அரிப்பு வரலாம், வந்தால் சொல்லுங்கள் என்பதையும் இந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

ஏழாம் படி: வார்டுக்கு நடந்து போங்கள்

இதுதான் நான் மிக முக்கியமாக நினைப்பது. ஊசிக்கு முன்பு, அறுவைக்குப் பின் அந்த அம்மா போகப்போகும் வார்டுக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். இரவுப் பணியில் எத்தனை நர்ஸ், எத்தனை கட்டில்? ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி எத்தனை, பேட்டரி நிற்குமா? மின்வெட்டு அட்டவணை பார்த்து வாழப் பழகிய நாடு இது. ஜெனரேட்டர் எழும்பும்வரை கருவி உயிரோடு இருக்க வேண்டும்.

அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் 2016 வழிகாட்டலின்படி, தண்டுவடத்தில் மார்ஃபின் ஒருமுறை பெற்றவரை இருபத்து நான்கு மணி நேரம் கவனிக்க வேண்டும்: முதல் பன்னிரண்டு மணி நேரம் மணிக்கு ஒருமுறையாவது, அடுத்த பன்னிரண்டு மணி நேரம் இரண்டு மணிக்கு ஒருமுறையாவது. மூச்சின் எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, தூக்கக் கலக்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஃபென்டனிலுக்கு இரண்டு மணி நேரம் போதும், அது ரெகவரி அறையிலேயே முடிந்துவிடும்.

இந்த அட்டவணையை உங்கள் வார்டு தாங்குமா? தாங்கும் என்றால், வயிறு வழியான கர்ப்பப்பை நீக்கத்துக்கு என் தேர்வு மார்ஃபின் 100 மைக்ரோகிராமும் ஃபென்டனில் 15 மைக்ரோகிராமும் சேர்ந்து. முன்னது இரவுக்கு, பின்னது தியேட்டருக்கு. தாங்காது என்றால் ஃபென்டனில் மட்டும். அதோடு பாராசிட்டமால், சிறுநீரகம் அனுமதித்தால் அழற்சி எதிர்ப்பு மருந்து, முடிந்தால் வயிற்றுச் சுவர் நரம்புத் தடுப்பு. பிறப்புறுப்பு வழியான நீக்கத்துக்குப் பின் வலி குறைவு, அங்கே ஃபென்டனிலே எனக்குப் போதும். அறுவை நீளும் என்று உறுதியாகத் தெரிந்து, இதயமும் நன்றாக இருந்து, துறையில் ஒப்புதலும் இருந்தால் டெக்ஸ். வார்டு தாங்காத இடத்தில் மார்ஃபின் கொடுத்துவிட்டு "நேற்று நான்கு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

தென்னாப்பிரிக்காவில் தாய் இறப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் 'சேவிங் மதர்ஸ்' அறிக்கைகள், சிசேரியனில் ஸ்பைனலால் நேரும் மரணங்களை, குறிப்பாக மாவட்ட மருத்துவமனைகளில், திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வந்திருக்கின்றன. அது பிரசவம் பற்றியது, நம் தலைப்பு வேறு. ஆனால் ஊசி போடும் கையும் கவனிக்கும் கண்ணும் இரண்டிடத்திலும் அதே மனிதர்களுடையவை.

எட்டாம் படி: மருந்தை எடுக்கும் அந்த மூன்று நிமிடம்

மார்ஃபினை, கெடாமல் காக்கும் பதப்பொருள் சேராத ஆம்பியூலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது அதில் நூற்றில் ஒரு பங்கு. 10 மில்லி சிரிஞ்சில் உப்புநீரோடு சேர்த்து 10 மில்லியாக்குங்கள்; இப்போது ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம். அதிலிருந்து ஒரு மில்லியை எடுத்து, நான்கு மில்லி உப்புநீர் சேர்த்து 5 மில்லியாக்குங்கள். இப்போது ஒரு மில்லிக்கு 200 மைக்ரோகிராம். அரை மில்லி எடுத்தால் 100.

இங்கேதான் நான் ஒருமுறை சறுக்கப் பார்த்தேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். முதல் முறை நீர்த்தேன். நடுவில் தொலைபேசி வந்தது. திரும்பி வந்து சிரிஞ்சைக் கையில் எடுத்தேன். மேலே "மார்ஃபின்" என்று மட்டும் ஒட்டியிருந்தது. அரை மில்லி எடுக்கப் போகும்போது பக்கத்தில் இருந்த சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "டாக்டர், ஒருமுறை கலந்ததா, இருமுறை கலந்ததா?" எனக்குத் தெரியவில்லை. அது ஒருமுறை கலந்ததாக இருந்து, நான் அரை மில்லி போட்டிருந்தால் 500 மைக்ரோகிராம், ஐந்து மடங்கு. முழுதும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்றிலிருந்து சீட்டில் பெயரோடு செறிவையும் எழுதாமல் சிரிஞ்சைக் கீழே வைப்பதில்லை. நீர்க்கும்போது தொலைபேசியை எடுப்பதும் இல்லை.

டெக்ஸ் என்றால் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம். அரை மில்லியை 5 மில்லியாக்கினால் ஒரு மில்லிக்கு 10. அதில் அரை மில்லி எடுத்தால் 5 மைக்ரோகிராம். எந்த மருந்தானாலும் சேர்க்கும் கன அளவு அரை மில்லி என்று நான் வைத்துக்கொண்டதற்குக் காரணம், மொத்தம் எப்போதும் மூன்றரை மில்லியாக இருக்கும். இரண்டு மருந்தைச் சேர்க்கும் நாளில் செறிவை மாற்றிக் கணக்கிட்டு, இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்வேன். கண்ணாடி ஆம்பியூலை உடைத்தால் வடிகட்டி ஊசியால் உறிஞ்சுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. டிரானெக்ஸாமிக் அமில ஆம்பியூலை ஸ்பைனல் தட்டுக்கு அருகில் வைக்கவே கூடாது. கர்ப்பப்பை அறுவையில் இரத்தப்போக்குக்காக அது எப்போதும் கையருகே இருக்கும். சில தயாரிப்புகள் பூபிவகெய்ன் ஆம்பியூல் போலவே தெரியும். தவறுதலாகத் தண்டுவடத்தில் போனால் கடும் முதுகுவலி, வலிப்பு, இதயத் துடிப்பு குலைவு, பல நேரம் மரணம். 2022-இல் உலக சுகாதார நிறுவனமே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. வேறு அலமாரியில், முடிந்தால் தியேட்டருக்கு வெளியே வையுங்கள். சேர்க்கும் மருந்து என்று ஒவ்வொரு ஆம்பியூலாகத் தட்டில் கூட்டும்போது இந்தத் தவறுக்கும் ஒரு கதவு திறக்கிறது. "இன்னொரு மருந்தும் சேர்க்கலாமே" என்று ஆசை வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: ஊசிக்குப் பிறகு

எல்3–எல்4 இடைவெளியில் போட்டு, படுக்கவைத்து, முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு நிமிடமும் அழுத்தம் பாருங்கள். இறங்கினால் ஃபினைலெஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம்; நாடியும் சேர்ந்து இறங்கினால் எஃபெட்ரின், தேவையானால் அட்ரோபின். குளிர் தெளிப்பானால் மரப்பு எந்த மட்டம் வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அறுவை மருத்துவர் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொல்லி அவசரப்படுத்துவார். கனமான மருந்து இன்னும் நிலைகொள்ளவில்லை, பதினைந்து இருபது நிமிடம் ஆகட்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மரப்பு கழுத்து நோக்கிப் போகும்.

பத்தாம் படி: எழுதி ஒப்படையுங்கள்

மருந்துத் தாளின் மேலே பெரிய எழுத்தில்: என்ன சேர்த்தேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கண்காணிப்பு எத்தனை மணி வரை. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சாயங்காலம் அறுவைப் பிரிவின் இளம் மருத்துவர் வந்து, வழக்கம்போல மார்ஃபின் 10 மில்லிகிராம் தசை ஊசி என்று எழுதிவிட்டுப் போவார். அவருக்கு முதுகில் ஏற்கெனவே மார்ஃபின் போனது தெரியாது. இரண்டும் சேர்ந்து நள்ளிரவில் ஒன்றாக வேலை செய்யும். "மறுநாள் காலை எட்டு வரை வேறு ஓபியாய்டு, தூக்க மருந்து எதுவும் மயக்க மருத்துவரைக் கேட்காமல் கூடாது" என்ற வரி கட்டாயம். கூடவே, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ, கூப்பிட்டால் எழும்பாவிட்டாலோ ஆக்ஸிஜன், ஓபியாய்டை முறிக்கும் நாலோக்சோன், உடனே அழைப்பு. நாலோக்சோன் வார்டிலேயே இருக்க வேண்டும்; மருந்தகத்தில் பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை.

அரிப்புக்கு, வாந்தி மருந்தான ஒன்டான்செட்ரான் சிலருக்குக் கேட்கும். தாங்க முடியாவிட்டால் நாலோக்சோனை மிகச் சிறிய அளவில், 40 மைக்ரோகிராம் போலக் கொடுக்கலாம். வலி நிவாரணம் பெரும்பாலும் குலையாது.

அவ்வாவுக்கு அன்று நான் ஒன்டான்செட்ரான் போட்டேன். அரை மணியில் மூக்கிலிருந்து கையை எடுத்தார். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு நரம்பு வழியாக மார்ஃபினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வலி எண் எட்டிலிருந்து மூன்றுக்கு வரப் பதினோரு மணி ஆகிவிட்டது. அதுவரை அவ்வா தூங்காமல் உட்கார்ந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.